கரையில் இருந்தவர்கள்

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் சாலையில் தெற்கே நடந்தால் நொச்சிக்குப்பம். காலையில் படகு கரை சேர்ந்ததும் மீன் பெண்களின் கைக்கு வந்துவிடுகிறது. வஞ்சிரம் தனி, சங்கரா தனி, நெத்திலி கூறு கூறாக. எந்த மீனை எத்தனை மணிக்குள் தள்ளிவிட வேண்டும், எதை ஐஸில் வைக்கலாம், எது கருவாட்டுக்குத்தான் ஆகும், மயிலாப்பூர் வாடிக்கைக்காரர் எந்தக் கிழமையில் கவிச்சி சேர்க்கமாட்டார் என்பதெல்லாம் அவர்கள் மனக்கணக்கு. மறுநாள் டீசலுக்கான காசும் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். இதை அறிவு என்று சொல்ல நம் திட்ட அறிக்கைகளுக்கு வாய் வருவதில்லை.

நார்வேயின் பொருளாதாரப் புவியியலாளர்கள் ‘வட்டாரப் புத்தாக்க முறைமை’ என்றொரு கருத்தைப் பேசுகிறார்கள். பியோர்ன் அஷைம், ஆர்னே இசாக்சன் இருவரும் 2002இல் எழுதிய கட்டுரையில் சுன்மோரேயின் கப்பல் கட்டும் தொழிலை ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார்கள். தொழிலை வளர்க்க ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே வட்டாரத்தில் ஓயாமல் பேசிப் பழக வேண்டும். அப்படி விளையும் அறிவு ஊரோடு ஒட்டிக்கொண்டது, பெயர்த்து எடுத்துப்போவது கடினம். நான் புரிந்துகொண்டது இவ்வளவே. படித்ததும் எனக்கு நீண்டகரைதான் நினைவுக்கு வந்தது. அங்கே நார்வே ஒரு தொழிலைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தது.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐ.நா. சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நார்வேயின் முதல் வளர்ச்சி உதவித் திட்டம் அது. அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சக்திகுளங்கரை, புத்தன்துறை ஊர்களில் வேலை தொடங்கியது. மீனவரின் வருமானத்தைக் கூட்டுவது, உள்ளூர் மக்களுக்கு நல்ல மீன் கிடைக்கச் செய்வது, சுகாதாரம், குடிநீர் எனக் குறிக்கோள்கள் நல்லவைதாம். உள்ளூர் வள்ளங்களில் என்ஜின் பொருத்தும் முயற்சி சரிவரவில்லை. புதுப் படகுகள் கட்டப்பட்டன, ஐஸ் ஆலை வந்தது. பிறகு இழுவலை வந்தது. அமெரிக்கச் சந்தையில் இறாலுக்கு விலை ஏறியதும் திட்டத்தின் முகமே மாறியது. உள்ளூர்த் தட்டில் விழ வேண்டிய மீன் பின்னுக்குப் போய், உறைந்த இறால் கப்பலேறியது. 1960களில் திட்டம் நம் மண்டபத்துக்கும் நீண்டது. நார்வே மானிடவியலாளர் ஆர்னே மார்டின் கிளாவுசன் 1968இலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜான் குரியன் 1985இல் விரிவாக ஆராய்ந்தார்.

இந்த வரலாற்றில் பெண் எங்கே? சுகாதார நிலையத்தில் தாயாக இருக்கிறாள். வலை பின்னியவளாக, இறாலைக் கரையில் உலர்த்தியவளாக, கூடை சுமந்து ஊர் ஊராக விற்றவளாக அவளைக் காண்பது அரிது. பருத்தி நூலில் கையால் பின்னிய வலைக்குப் பதிலாக ஆலையில் செய்த நைலான் வலை வந்தபோது, கன்னியாகுமரி வரைக்கும் பெண்களின் கைத்தொழில் போனது. மீன் துறைமுகத்தில் மொத்தமாக இறங்கத் தொடங்கியதும், கையில் முதல் இல்லாத பெண்ணுக்கு ஏலத்தில் இடமில்லை. அவளுக்குக் கிடைத்த புது வேலை இறால் தோலுரிப்புக் கொட்டகையில், உரித்த அளவுக்குக் கூலி. தன் சரக்குக்குத் தானே விலை சொன்னவள் விரல் வெந்துபோகும் கூலிக்காரி ஆனாள். இதைத்தான் ‘நவீனமயம்’ என்கிறோம்.

என்ஜினை அனுப்பிய நார்வே தன்னிடமிருந்த இன்னொன்றை அனுப்பவில்லை. 1938இல் அங்கே ‘கச்சா மீன் சட்டம்’ வந்தது. மீனவர்களின் சொந்த விற்பனை அமைப்புகளே முதல் விற்பனையை நடத்தவும் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கவும் அது உரிமை கொடுத்தது. ஏழை நாடாக இருந்த நார்வேயின் கடற்கரையை நிமிர்த்தியதில் என்ஜினுக்கு உள்ள பங்கு இந்தச் சட்டத்துக்கும் உண்டு என்பது என் எண்ணம். இயந்திரத்தைப் பெட்டியில் அடைத்து அனுப்பலாம். விலை சொல்லும் உரிமைக்கு உள்ளூரில் யாரையாவது பகைத்தாக வேண்டும்.

அதற்காக நார்வேயைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். கடலுக்குப் போகும் கணவனின் கணக்கு, தூண்டிலுக்கு இரை கோப்பது, சரக்கு வாங்குவது என எல்லாம் செய்த வடநார்வேப் பெண்களை சீரி கெரார்டு போன்ற பெண்ணிய ஆய்வாளர்கள் ‘தரைப் பணியாளர்’ என்றார்கள். விமானம் பறக்கத் தரையில் நின்று உழைப்பவர்களைக் குறிக்கும் சொல் அது. 1990இல் காட் மீனுக்குப் படகுவாரியாக ஒதுக்கீடு வந்தபோது உரிமை படகின் சொந்தக்காரருக்குப் போனது. தரையில் நின்றவளுக்கு ஒதுக்கீடு இல்லை.

இங்கேயும் அதே கதைதான். இழுவலைக்கு எதிராகக் கட்டுமரக்காரர்கள் போராடி, 1983இல் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்றானது. கடலில் எல்லை போட்டார்கள். கரையில் பெண் உட்காரும் இடத்துக்கு யாரும் எல்லை போட்டுக் காக்கவில்லை. 1985இல் மெரினாவை அழகாக்கக் கட்டுமரங்களை அகற்றப்போய்த் துப்பாக்கிச் சூடு நடந்தது, மீனவர்கள் செத்தார்கள். 2017 ஜனவரியில் நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. 2023 ஏப்ரலில் லூப் சாலையின் மீன் கடைகளை, போக்குவரத்துக்கு இடைஞ்சலான ஆக்கிரமிப்பு என்று அகற்றினார்கள். படகு இழுத்து, வலை காயவைத்து, மீன் விற்றுப் புழங்கிய இடத்துக்கு நடுவே போட்ட சாலை அது. குப்பத்து மக்கள் சாலையின் குறுக்கே படகை நிறுத்தி மறித்தார்கள்.

2024இல் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், கழிவுநீர் வசதி எல்லாம் வேண்டியவைதாம். வெயிலில் உட்கார்ந்து விற்பதில் பெருமை ஒன்றுமில்லை, அதைக் கவித்துவமாக்கும் ஆசையும் எனக்கில்லை. படகு வரும் நேரம், காரை நிறுத்தி வாங்கும் வாடிக்கை, பக்கத்துக் கூடைக்காரியிடம் கைமாற்று என்று அந்த வியாபாரத்தை ஓட்டிவந்த தொடர்புகள் கடை எண்ணுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதுதான் என் கவலை.

நற்றிணையின் 45ஆம் பாட்டைப் பல ஆண்டுகள் வகுப்பில் வர்க்க வேறுபாட்டைச் சொல்லும் காதல் பாட்டாகவே நடத்திவந்தேன். சுறாவை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டும் பெண்கள், தங்கள்மேல் மீன்வாடை வீசுகிறது என்று பட்டினத்துச் செல்வனைத் தள்ளி நிற்கச் சொல்லும் பாட்டு. இப்போதெல்லாம் அந்த உலர்த்தலில் கொஞ்சம் நிறுத்துகிறேன். எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில் என்று கேட்கிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவிகள்தான் பதில் சொல்கிறார்கள், முதலில் கொஞ்சம் தயங்கி.