வாஷிங்டன் வமிசாவளியும் ஃபாத்திமாவின் பெயரும்

வமிசாவளியைப் பேணுவதில் அரபுகள் காட்டிய ஆர்வத்தை நாம் அறிவோம். 'இல்முல் அன்ஸாப்' என்னும் தனிக் கலையாகவே அது வளர்ந்தது. அதே வேளையில், சிறப்பை நாடிப் பொய் வமிசம் புனைந்துகொண்டோரையும் இப்னு கல்தூன் (ரஹ்) தம் 'முகத்திமா'வில் எடுத்துக்காட்டுகளுடன் சுட்டியுள்ளார். அவர் கண்ட அந்நோய் மக்ரிபு நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோரைத் தேடிய வரலாறே இதற்குச் சான்றாகும்.

ஜார்ஜின் கொள்ளுப் பாட்டனார் ஜான் வாஷிங்டன், 1656-57ஆம் ஆண்டுகளில் ஒரு வணிகக் கப்பலின் பணியாளராக வர்ஜீனியாவை அடைந்து அங்கேயே குடியேறினார். அவருடைய தம்பி லாரன்ஸும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் அவ்விருவரும் யாருடைய மக்கள் என்பதே கேள்வி. பிரபுக் குடும்பங்களின் மரபுச் சின்னங்களையும் வமிசப் பதிவுகளையும் கவனித்து வந்த அரச அலுவலர் சர் ஐசக் ஹெர்ட், 1791இன் இறுதியில் ஜார்ஜ் வாஷிங்டனிடமே கடிதம் எழுதிக் கேட்டார். இதில் தாம் அதிகக் கவனம் செலுத்தியதில்லை என்று அவர் 1792இல் மறுமொழி எழுதினார். ஆயினும் ஹெர்ட் ஒரு வமிசாவளியை வகுத்தார். நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் குடும்பத்திலும் ஜான், லாரன்ஸ் என்னும் சகோதரர் இருவர் இருந்தனர். அவர்களே வர்ஜீனியா சென்றவர்கள் என்று அவர் கொண்டார்.

பெயர் ஒன்றாயிருப்பதால் ஆளும் ஒருவரே என முடிவு செய்யலாகாது என்பது ஹதீஸ் கலை பயின்றோர்க்குத் தொடக்கப் பாடம். ஒரே பெயருடைய அறிவிப்பாளர்களைப் பிரித்தறிய நம் இமாம்கள் தனி நூல்களே இயற்றினர். 1866இல் ஜோசப் செஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதே அளவுகோலால் ஹெர்டின் முடிவைச் சோதித்தார். அந்த ஜான், 'சர்' பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர்; அந்த லாரன்ஸோ ஒரு பாதிரியார். எனவே குடியேறியவர்கள் இவர்களல்லர் என்று அவர் நிறுவினார்.

சங்கிலி அறுந்த இடத்தில் கற்பனை புகுந்தது. 1879இல் ஆல்பர்ட் வெல்ஸ் என்பவர், வாஷிங்டன் குடும்பத்தை வட ஐரோப்பியப் புராணத் தெய்வமான ஓடின் வரை கொண்டு சென்று ஒரு நூலையே வெளியிட்டார்!

உண்மையைக் கண்டவர் ஹென்றி வாட்டர்ஸ். அவர் லண்டனில் மரண சாசனப் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் புரட்டி, 1889இல் தம் முடிவை வெளியிட்டார். டிரிங் என்னும் ஊரின் ஆண்ட்ரூ நோலிங் என்பவர் தம் சாசனத்தில் ஆம்ஃபிலிஸ் வாஷிங்டன் என்னும் பெண்மணிக்கும், ஜான், லாரன்ஸ், மார்த்தா உள்ளிட்ட அவர் மக்களுக்கும் சொத்து எழுதியிருந்தார். வர்ஜீனியாவில் ஜான் 1675இல் எழுதிய சாசனத்திலோ, கடல் கடந்து வந்த தங்கை மார்த்தா குறிக்கப்பட்டிருந்தார். கடலின் இரு கரைகளிலும் இருந்த ஏடுகள் ஒன்றையொன்று மெய்ப்பித்தன.

ஆம்ஃபிலிஸின் கணவர், ஹெர்ட் சுட்டிய அதே பாதிரியார் லாரன்ஸ்தாம். அவர் குடியேறியவர்களின் சகோதரர் அல்லர், தந்தை! ஹெர்ட் ஒரு தலைமுறை பிழைத்திருந்தார். எஸ்ஸெக்ஸின் பர்லீ ஊர்த் திருச்சபைப் பொறுப்பிலிருந்த அப்பாதிரியார், மன்னர் கட்சியினர் என்றும் மதுக்கடைகளில் திரிபவர் என்றும் குற்றம் சாட்டப்பட்டு 1643இல் நீக்கப்பட்டவர். தெய்வ வமிசம் தேடியவர்களுக்குக் கிடைத்தது பதவியிழந்த ஓர் ஏழைப் பாதிரியார். உண்மை வமிசம் பெருமைக்கு வளைந்து கொடுப்பதில்லை.

இத்தேடல் இத்துணையும் இயன்றது, அம்முன்னோரின் பெயர்களை எழுதிவைக்கச் சாசனங்கள் இருந்ததால். அதே குடும்பத்தின் ஏடுகளில் வேறு சில பெயர்களும் உள்ளன. வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் வரி விதிப்புக்குரியோரின் 1774ஆம் ஆண்டுப் பட்டியலில், அடிமைகளிடையே 'ஃபாத்திமர்', 'சின்ன ஃபாத்திமர்' என இருவர் காணப்படுகின்றனர். தாயும் மகளுமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஃபாத்திமா என்னும் திருப்பெயரின் திரிபே அது என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பெயரொன்றை மட்டும் வைத்து அவர்களின் மார்க்கத்தை உறுதிசெய்வோமானால், ஹெர்ட் சென்ற வழியிலேயே நாமும் சென்றவர்களாவோம்.

அவர்களுடைய தந்தை யார்? ஆப்பிரிக்காவின் எவ்வூரினர்? விடை தரும் சாசனம் இல்லை. சொத்தாகக் கருதப்பட்டவர்கள் சொத்து எழுதிவைப்பது எங்ஙனம்? பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்று வர்ஜீனியாச் சட்டம் 1662இலேயே விதித்து, அடிமைப் பெண்ணின் குழந்தைக்குத் தந்தைவழியைப் பொருளற்றதாக்கியது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கட்கணக்கும் அடிமைகளைப் பெரும்பாலும் பெயரின்றி, வயதும் பாலும் நிறமும் மட்டும் குறித்தே பதிந்தது. அவர்கள் அனைவரும் பெயருடன் இடம்பெற்ற முதல் கணக்கு 1870ஆம் ஆண்டினது. தம் வேரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர் பலர் இன்றும் அந்த ஆண்டில் சுவரில் முட்டி நிற்கின்றனர்.

வமிசத்தைப் பொய்யாகப் புனைவது குற்றம் என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்கிறோம். மெய்யான வமிசத்தை ஒரு மனிதரிடமிருந்து பறிப்பது அதனினும் கொடிது. பொய்ச் சங்கிலியைப் பொறுமையான ஓர் ஆய்வாளர் அறுத்தெறியலாம். பறிக்கப்பட்ட சங்கிலியைக் கோத்தெடுக்கவோ கணக்கேடுகளில் எஞ்சிய ஒவ்வொரு பெயரையும் பொன்போல் போற்றிச் சேர்க்க வேண்டியுள்ளது. 'சின்ன ஃபாத்திமர்' என்னும் இரு சொற்களும் அத்தகைய பொன்னே.