பல்லை எண்ணாமல் மாட்டிய ஆக்ஸில்

மலருக்குத் தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பெரிய தவறு இருக்கிறது. அதையும், அதே சிக்கலில் மறுபக்கமாக மாட்டிக்கொண்ட ஒரு சென்னைக் காரின் வரலாற்றையும் எழுதுகிறேன்.

2010. நாங்கள் மெக்கானிக்கல் இறுதியாண்டு. கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் உமித்தூசி படிந்து ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே நின்றது. 1950களில் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி பாகங்களைக் கோத்து விற்ற கார். ஆறு சிலிண்டர், சுமார் 3.6 லிட்டர். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். முன்னே போக மூன்றே கியர். மில்காரருடைய அப்பா ஓட்டிய வண்டி. பின் ஆக்ஸிலில் கிரவுன், பினியன் இரண்டும் பல் போயிருந்தன. "பொண்ணு கல்யாணத்துக்குள்ள ஓடணும் தம்பி, அதுலதான் அழைச்சிட்டு வரணும்னு அப்பா ஆசைப்பட்டாரு" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு அது ப்ராஜெக்ட். ஒரிஜினல் கிரவுன், பினியன் கிடைக்கவில்லை. பழைய ஜீப் ஆக்ஸில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அகலம் ஏறத்தாழ ஒத்துப்போனது, வெல்டிங் அடித்து மாட்டிவிட்டோம். ஊருக்குள் ஓட்டினால் வண்டி பறந்தது. நாலு பேரும் எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மறு வாரம் திண்டிவனம் ரோட்டில் எண்பதில் போனோம். செஞ்சி வருவதற்குள் எஞ்சினில் 'டக் டக்' சத்தம். கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது. கல்யாணம் வாடகை அம்பாசடரில் நடந்தது. மில்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்கள் பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "பல்லை எண்ணுனீங்களாப்பா?"

எண்ணவில்லை. டாட்ஜில் பினியனுக்கு 10, கிரவுனுக்கு 39 பல், விகிதம் 3.9. ஜீப்பில் 8க்கு 43, அதாவது 5.38. அந்தக் காரின் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.15 மீட்டர் போகும். எண்பது கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 620 சுற்று. டாப் கியர் நேரடி என்பதால் பழைய ஆக்ஸிலோடு எஞ்சின் 2,400 சுற்று சுற்றும். எங்கள் ஜீப் ஆக்ஸிலோடு 3,300க்கு மேல்! அந்த எஞ்சின் முழு சக்தி கொடுப்பதே 3,600 வாக்கில்தான். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 111 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிற பழைய எஞ்சினை அந்த விரட்டு விரட்டினால் எந்த பேரிங் தாங்கும்? மேடு பள்ளத்தில் சுமை இழுக்கப் பிறந்த ஆக்ஸிலை, மெதுவாகச் சுற்றி நிறைய இழுக்கிற ஆறு சிலிண்டருக்குக் கட்டிவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் பழைய கார்களின் ஆக்ஸில் எண்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் அகப்பட்டது ஸ்டாண்டர்ட் 2000. நம் பக்கத்திலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கம்பெனி இருந்த வண்டலூரைக் கடந்துதான் போயிருப்பீர்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கெஸல் செய்த அதே ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ்.

இங்கிலாந்தில் 1976ல் ரோவர் எஸ்டி1 என்ற கார் வந்தது. 3.5 லிட்டர் வி-8 எஞ்சின், 155 குதிரைசக்தி. அடுத்த வருஷமே 2300, 2600 என்று இரண்டு ஆறு சிலிண்டர் மாடல்கள். 123, 136 குதிரைசக்தி. இந்த உடம்பைத்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் வாங்கி, நம் ரோட்டுக்காகச் சற்று உயர்த்தி, 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றது. உள்ளே இருந்த எஞ்சின் வேறு. 1947ல் ஸ்டாண்டர்ட் வேன்கார்டுக்காகப் பிறந்த குடும்பம்; ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் இதன் உடன்பிறப்புதான். நான்கு சிலிண்டர், 1,991 சி.சி., சுமார் 83 குதிரைசக்தி.

எங்கள் டாட்ஜுக்கு நேர் எதிரான சிக்கல் இது. ரோவர் வி-8க்கு ஆக்ஸில் 3.08, ஐந்தாம் கியர் 0.833, பெருக்கினால் 2.57. சக்கரச் சுற்றளவு இரண்டு மீட்டர் என்று வைத்தால், எண்பதில் எஞ்சின் 1,700 சுற்றுதான். பெரிய எஞ்சினுக்கு அது உலாவுவது மாதிரி. இரண்டு லிட்டர் எஞ்சினை அதே விகிதத்தில் கட்டினால் சாதாரண மேம்பாலத்திலேயே மூச்சு வாங்கும். சரி, மொத்த விகிதத்தை 4 ஆக்குவோம் (கணக்குக்காகச் சொல்கிறேன், அந்தக் காரின் எண் அல்ல). எண்பதில் 2,670 சுற்று. இழுக்கும்; ஆனால் சத்தமும் கூடும், பெட்ரோலும் கூடும். கியர் எஞ்சினின் இழுவையைப் பெருக்கும், வேகத்தைக் குறைக்கும். குதிரைகளைக் கூட்டாது. 83 எப்போதும் 83தான்.

இழுவை இல்லை, மைலேஜ் இல்லை என்பதுதான் அந்தக் கார்மேல் எழுந்த புகார். விலையும் அதிகம். ஆகவே பழியை எல்லாம் கியர்மேல் போடமாட்டேன். 1988ல் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. எத்தனையோ கைத்தொழில் தெரிந்தவர்கள் வேலையிழந்தார்கள்.

அதே காலத்தில் கான்டெஸாவுக்கும் இதே வியாதி இருந்தது. ஆறு சிலிண்டரும் பூட்டி ஓடிய வாக்ஸ்ஹால் உடம்பில், அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் எஞ்சின். ஆனால் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980களின் பிற்பகுதியில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தபோது, அதற்குரிய ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே கொண்டுவந்தது. என் அபிப்பிராயத்தில் அதுதான் கெட்டிக்காரத்தனம். அந்தக் கார் அதற்கப்புறம் பல வருஷம் ஓடியது.

எங்கள் டாட்ஜ்? வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கிரவுன், பினியன் ஜோடியைப் பிடித்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே கீழ்பென்னாத்தூர் வந்து சேர்ந்தேன். மில்காரர் அதைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பினியனில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். "பத்து. செரியா இருக்குது தம்பி, மாட்டு" என்றார்.