கேஸுக்கு வாசம் வந்த கதை

அடுப்படியிலிருந்து ‘கேஸ் வாசம் வருது’ என்று அம்மா குரல் கொடுத்தால் வீடே பதறுகிறது. ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு, சுவிட்சைத் தொடாதே. உண்மையில் அந்த நாற்றம் கேஸுக்குச் சொந்தமானதே இல்லை. மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலந்து நாம் ஏற்றிவிட்டது. கலக்கும் வித்தை முன்பே தெரிந்ததுதான். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அதைச் சட்டமாக்குவதற்குள் ஓர் ஊர் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டது.

கிழக்கு டெக்சாஸில் 1930இல் எண்ணெய் கிடைத்தது. நியூ லண்டன் என்ற சிற்றூரில் பணம் கொழித்தது. பெரிய பள்ளிக்கூடம் எழுந்தது. நாட்டின் பணக்காரப் பள்ளிகளில் ஒன்று என்று பெயர். ஆனாலும் சிக்கனம் பார்த்தார்கள். கொதிகலன் வைத்து நீராவியால் சூடேற்றும் திட்டத்தைக் கைவிட்டு, கட்டடம் முழுக்க கேஸ் ஹீட்டர்களைப் பொருத்தினார்கள். 1937 தொடக்கத்தில், காசு கொடுத்து வாங்கிய கேஸையும் நிறுத்திவிட்டு, அருகே சென்ற எண்ணெய் நிறுவனக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்தார்கள். எண்ணெயோடு வரும் மிச்ச வாயு அது. எப்படியும் எரித்துத்தான் தள்ளுகிறார்கள், நாம எடுத்தா என்ன என்று ஊரில் பலரும் அப்படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கு மிச்சமானது மாதம் சில நூறு டாலர்.

குழாய் கசிந்தது. தரைக்கு அடியில் காற்றோட்டமில்லாத வெற்றிடத்தில் வாயு சேர்ந்தது. நிறமில்லை, மணமில்லை. பிள்ளைகள் தலைவலி என்றார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

1937 மார்ச் 18, பிற்பகல் மூன்றேகால். பள்ளி விட இன்னும் சில நிமிடங்கள். பட்டறை ஆசிரியர் மரம் இழைக்கும் மின் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். பொறி அங்கிருந்து கிளம்பியதாகக் கருதப்படுகிறது. கட்டடம் மேலெழும்பி, இடிந்து விழுந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள். எண்ணெய் வயல்களிலிருந்து ஓடிவந்து வெறுங்கையால் இடிபாடுகளை அள்ளியவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள். பள்ளிக் கண்காணிப்பாளரும் தன் மகனை அங்கே இழந்தார். எண்ணெயும் எரிவாயுவும் இந்த மண்ணின் வரம் என்று எழுதியிருந்த கரும்பலகை ஒன்று இடிபாடுகளில் கிடைத்தது.

சில வாரங்களிலேயே கேஸில் மணம் சேர்ப்பதை டெக்சாஸ் கட்டாயமாக்கியது. பொறியாளர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. முதல் சட்டம் மூக்குக்கு. இரண்டாவது, குழாயைத் தொடும் கைக்கு.

நமக்கு மூக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது. வாசம் என்பது கசிந்த பிறகு வரும் செய்தி. புதுக் குழாயில் கேஸை விடுமுன் காற்றை அழுத்தி ஏற்றி, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பதுதான் முன்கூட்டியே கேட்கும் கேள்வி. வீட்டில் அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்; கசிந்தால் குமிழ் வரும்.

அடுத்த முறை சிலிண்டர் மாட்ட வருபவர் அவசரமாகக் கிளம்பினால் கூச்சப்படாமல் கேளுங்கள்: “அண்ணா, ஒரு தடவை சோப்புத் தண்ணி தடவிப் பாத்துடலாமா?”