கழக்கூட்டம்: உழைக்கும் குடும்பங்களும் 25,000 ரூபாய் வருமான வரம்பும்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் வடபகுதியில் உள்ள கழக்கூட்டம், 1990-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவால் நாடெங்கும் அறியப்பட்ட ஊராகும். அப்பூங்காவைச் சார்ந்து துப்புரவு, காவல், சமையல், ஆட்டோ ஓட்டுதல், கட்டுமானம் எனப் பல பணிகளில் ஏராளமானோர் பிழைத்து வருகின்றனர். மென்பொருள் பொறியாளரும் துப்புரவுப் பணியாளரும் வாடகை வீடு தேடுவது ஒரே ஊரில்தான். இருவரது ஊதியமும் ஒன்றல்ல.

கேரளத்தில் கூலி அதிகம் என்பது உண்மையே. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022-23-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி அங்கு 852 ரூபாயைத் தாண்டியிருந்தது. அகில இந்திய சராசரி 393 ரூபாய் மட்டுமே. எனினும் நாட்கூலி என்பது வேலை கிடைக்கும் நாளுக்கு உரியது. பருவமழைக் காலத்தில் கட்டுமான வேலை பல நாட்கள் நின்றுபோகும்.

விலைவாசியும் அதிகம். 2025 செப்டம்பரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 1.54 சதவீதமாகக் குறைந்திருந்தபோது, கேரளத்தில் அது 9 சதவீதத்தைத் தாண்டி, மாநிலங்களிலேயே மிக அதிகமாகப் பதிவானது. அந்த ஆண்டில் லிட்டருக்கு 400 ரூபாயைக் கடந்த தேங்காய் எண்ணெய் இதற்கு ஒரு முக்கியக் காரணம். கேரளச் சமையலில் அதனைத் தவிர்ப்பது எளிதன்று. அரிசிக்கும் காய்கறிக்கும் அம்மாநிலம் பெருமளவு தமிழ்நாடு, ஆந்திரம் முதலிய மாநிலங்களைச் சார்ந்துள்ளது.

இந்நிலையில் குடும்ப அட்டையின் நிறமே மாதச் செலவைத் தீர்மானிக்கிறது. 1960-களில் தொடங்கி நீண்ட காலம் ஏறக்குறைய அனைவருக்கும் ரேஷன் வழங்கிய மாநிலம் கேரளம். 1997-இல் இலக்கு சார்ந்த பொது விநியோக முறை நடைமுறைக்கு வந்ததும், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் மாநிலம் செயல்படுத்தியதும் இந்நிலையை மாற்றின. தற்போது அந்தியோதயா குடும்பங்களுக்கு மஞ்சள், முன்னுரிமைக் குடும்பங்களுக்கு இளஞ்சிவப்பு, முன்னுரிமை இல்லாதோரில் மானியம் பெறுவோருக்கு நீலம், ஏனையோருக்கு வெள்ளை என நான்கு வகை அட்டைகள் உள்ளன. இளஞ்சிவப்பு அட்டையில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. நீல அட்டையில் தலைக்கு 2 கிலோ அரிசி, கிலோ 4 ரூபாய் விலையில் வழங்கப்படுகிறது. நால்வர் குடும்பத்திற்கு இது 20 கிலோவுக்கும் 8 கிலோவுக்கும் இடையிலான வேறுபாடாகும். அரிசி அட்டைதாரர் அனைவருக்கும் 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி வழங்கும் தமிழ்நாட்டின் வாசகர்களுக்கு இப்பாகுபாடு புதிதாகத் தோன்றலாம்.

முன்னுரிமைப் பட்டியலில் சேர முடியாதோர் யார் என்பதற்கு வரையறைகள் உண்டு. ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீடு, சொந்த உபயோகத்திற்கான நான்கு சக்கர வாகனம், அரசுப் பணி, மாதம் 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்ப வருமானம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடைசி நிபந்தனையே உழைக்கும் குடும்பங்களுக்குச் சிக்கலாகிறது. மேற்கண்ட 2022-23 கூலியிலேயே மாதம் 22 நாள் வேலை கிடைத்தால் ஒருவரது வருமானம் சுமார் 18,750 ரூபாய். மனைவி ஆஷா பணியாளராக 7,000 ரூபாய் மதிப்பூதியம் பெற்றாலே கூட்டுத்தொகை வரம்பைக் கடந்துவிடும். வீட்டு வாடகையோ பள்ளிச் செலவோ இக்கணக்கில் கழிக்கப்படுவதில்லை.

அந்த 7,000 ரூபாயை 21,000 ஆக உயர்த்தக் கோரி ஆஷா பணியாளர்களில் ஒரு பிரிவினர் 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் முன் எட்டு மாதங்களுக்கும் மேலாகப் போராடினர். நவம்பர் முதல் 1,000 ரூபாய் உயர்த்தப்பட்டது.

அதே நவம்பர் 1-ஆம் தேதி, கேரளம் அதீத வறுமையற்ற மாநிலமாக முதலமைச்சர் பினராயி விஜயனால் அறிவிக்கப்பட்டது. உணவு, உடல்நலம், உறைவிடம், வருமானம் ஆகிய நான்கின் அடிப்படையில் 64,006 குடும்பங்கள் இத்திட்டத்திற்காகக் கண்டறியப்பட்டிருந்தன. அன்றாடம் வேலைக்குச் சென்றும் கடன் வாங்கி மாதத்தை ஓட்டும் குடும்பங்களை அந்த அளவுகோல் கணக்கில் கொள்ளவில்லை. அதன் நோக்கமும் அதுவன்று.

கழக்கூட்டம் ஊராட்சி 2010-இல் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இதனால் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் இங்கு பொருந்தாது. அதற்கு ஈடாக, நகர்ப்புறக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை அளிக்கும் அய்யங்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தை மாநில அரசு நடத்தி வருகிறது.

ஏனைய உதவிகளும் முன்போல் மலிவாக இல்லை. சப்ளைகோ கடைகளில் 2016 முதல் மாறாதிருந்த 13 மானியப் பொருள்களின் விலை, 2024 பிப்ரவரியில் சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என மாற்றியமைக்கப்பட்டது. சந்தை விலை ஏறினால் மானிய விலையும் ஏறும் என்பதே இதன் பொருள். குடும்பஸ்ரீ மகளிர் நடத்தும் மக்கள் உணவகங்களில் 2020-இல் 20 ரூபாயாக இருந்த மதிய உணவு, அரசு மானியம் நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து 2023-இல் 30 ரூபாயானது.

முன்னுரிமை அட்டைக்கு மாற விரும்பும் குடும்பங்கள், அரசு விண்ணப்பம் கோரும் காலங்களில் அக்ஷயா மையங்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். இளஞ்சிவப்பு அட்டை பெற்றவர்கள் தொடர்ந்து மூன்று மாதம் ரேஷன் வாங்காவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடம் காத்திருப்போருக்கு வழங்கப்படுகிறது.