ஒரு பேர்ச் எத்தனை அடி?

நானுஓயாவில் தம்பி தங்கச்சிகளுக்கு ஓ.எல் கணக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தோம். பாடம், சதுரத்தின் பரப்பளவு. புத்தகக் கணக்கு அலுத்துப்போச்சு. சரி, நம்ம மண்ணையே அளந்து பார்ப்போம்னு ஆரம்பிச்சோம்.

முதல்ல காம்பரா. பழைய லயன்களில் பல காம்பராக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. அடுப்பு, படுக்கை, படிப்பு எல்லாம் அதுக்குள்ளதான்.

அடுத்தது பேர்ச். இங்கிலாந்தில் நிலம் அளந்த கோலின் நீளம் 16.5 அடி. அதையே பக்கமா வச்ச சதுரம் ஒரு பேர்ச்: 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். இந்தக் கணக்கு மலைக்கு வந்தது வெள்ளைக்காரனோடதான். 1840 சட்டம், உரிமை காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குச் சொந்தம்னு சொல்லிச்சு. கண்டிக் கிராமத்து ஆட்கள் காணியை இழந்தாங்க. துரைமாருக்கு ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குப் போச்சு. 1844இல்தான் விலை ஒரு பவுணாச்சு.

2015க்குப் பிறகு நம்ம ஆட்களுக்கு ஏழு பேர்ச் காணியோட தனி வீடு வந்துச்சு. "ஏழு பேர்ச் சதுரமா இருந்தா பக்கம் எவ்வளவு?"னு கேட்டோம். "16.5ஐ ஏழால பெருக்கணும், 115.5 அடி"னு ஒரு தம்பி சட்டுனு சொன்னான். அங்கதான் பிழை. ஏழு மடங்காவது பரப்பளவு, பக்கம் இல்ல. பக்கம் ஏழின் வர்க்கமூலம் மடங்குதான் கூடும். 16.5ஐ 2.646ஆல பெருக்கினா அண்ணளவா 43.7 அடி. பத்து பேர்ச்சுக்கு 52.2 அடி. மூணு பேர்ச் கூடினாலும் பக்கம் எட்டரை அடிதான் நீளுது.

கடைசியா ஒரு கணக்கு. பத்து பேர்ச் என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. ஐந்து ஷில்லிங் 60 பென்ஸ். அப்போ துரைக்கு அந்தத் துண்டு 3.75 பென்ஸ். நாலு பென்ஸ்கூட இல்ல! நம்ம ஆட்கள் வந்து 200 வருஷம்னு 2023இல் நினைவுகூர்ந்தோம். அத்தனை வருஷ உழைப்புக்கு அப்புறமும் லயத்தில் இருக்கிறவங்க கையில் காணி உறுதி இல்ல.

அதனால யாராவது காணி தர்றோம்னு வந்தா மூணு கேள்வி கேளுங்க: எத்தனை பேர்ச்? பக்கம் எத்தனை அடி? உறுதி யார் பேரில்?