ஒரே வீட்டில் 2 குழந்தைகள் மரணம்: முதல் நாள் யூகங்கள் ஏன் தவறிப்போகின்றன? குன்றத்தூர் முதல் வாளையாறு வரை

அக்கா, தம்பி என இரண்டு சின்னக் குழந்தைகள் ஒரே நாளில் இறந்துபோனார்கள் என்று செய்தி வந்தால், போனில் முதலில் வருவது போலீஸ் தகவல் அல்ல. 'அம்மாவை விசாரிங்க', 'அப்பா எங்கே இருந்தாரு?', 'வெளியே தெரியாத விஷயம் ஏதோ இருக்கு' போன்ற வரிகள்தான் முதலில் வரும். வீட்டு வாசலில் எடுத்த வீடியோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக ஒரு வாய்ஸ் நோட், அம்மாவின் பழைய ரீல்ஸ் எல்லாம் பிரேதப் பரிசோதனை முடிவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் சுற்றி முடித்துவிடும்.

இந்த யூகம் எங்கிருந்து வருகிறது, சந்தேக மரணத்தில் சட்டப்படி என்ன நடக்க வேண்டும், யூகித்தவர்கள் எங்கெல்லாம் தவறினார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே ஊர், இரண்டு வழக்குகள்

2018 ஆகஸ்ட் கடைசியில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் 7 வயது மகனும் 4 வயது மகளும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். தந்தை வங்கி ஊழியர். தாய் நாகர்கோவிலில் கைதானார். பிரியாணிக் கடையில் வேலை பார்த்த ஒருவருடன் அவருக்கு இருந்த தொடர்பு, மியூசிக்கலி செயலியில் அவர் போட்ட வீடியோக்கள் என்று அந்தச் செய்தி வாரக்கணக்கில் ஓடியது. 2025 ஜூலையில் காஞ்சிபுரம் நீதிமன்றம் அந்தத் தாய்க்கும், அந்த நபருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பு வர ஏறக்குறைய 7 வருடங்கள் ஆனது.

அடுத்தது 2024 நவம்பர். அதே குன்றத்தூர். 6 வயது அக்கா, 1 வயது தம்பி. இங்கேயும் தந்தை வங்கியில் வேலை பார்ப்பவர். இங்கேயும் விஷம்.

தலைப்பை மட்டும் படித்தால் இரண்டும் ஒன்றுதான். முதல் வழக்கை நினைவில் வைத்திருக்கும் யாருக்கும் கை தானாக 'அம்மா' என்று டைப் செய்யத் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. வீட்டில் எலித் தொல்லை. தனியார் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்திருக்கிறார்கள். ஊழியர் வந்து வீட்டில் பல இடங்களில் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார். இரவில் குடும்பம் ஏசி அறையில் தூங்கியது. காலையில் நான்கு பேருக்கும் வாந்தி, மூச்சுத்திணறல். இரண்டு குழந்தைகளும் இறந்துபோனார்கள். பெற்றோர் தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்டார்கள். போலீஸ் கைது செய்தது பூச்சி மருந்து நிறுவன ஊழியரை.

பிள்ளைகள் இரண்டையும் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் ஒரு தாயைப் பற்றி, 2018-ஐ வைத்து ஒருவர் ஒரு கமென்ட் போட்டிருந்தால் அது யாரைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எலி மருந்து எப்படி மூச்சுக்குள் போகும்?

எலி மருந்தைச் சாப்பிட்டால்தான் ஆபத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. அலுமினியம் பாஸ்பைடு, ஜிங்க் பாஸ்பைடு வகைகளில் மருந்தை விட ஆபத்து அதிலிருந்து வரும் வாயு. காற்றில் உள்ள ஈரமோ தண்ணீரோ பட்டால் அலுமினியம் பாஸ்பைடிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு வெளிவரும். ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் வேகமாக அதையே வெளியிடும். பூண்டு வாடை, இல்லையென்றால் அழுகிய மீன் வாடை அடிக்கும் என்பார்கள். எல்லோருக்கும் அந்த வாடை தெரியும் என்று சொல்ல முடியாது. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் என்று அறிகுறிகள் தொடங்குவதால் முதலில் 'ஃபுட் பாய்சன்' என்றே தோன்றும்.

சின்னக் குழந்தைகள்தான் இதில் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். உடல் எடைக்கு அவர்கள் இழுக்கும் காற்று அதிகம். அதனால்தான் ஒரே வீட்டில் பெரியவர்கள் பிழைத்து, பிள்ளைகள் இறப்பது நடக்கிறது. 'பெத்தவங்க மட்டும் எப்படி பிழைச்சாங்க?' என்று கமென்டில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் சாதாரணமான பதில் இது.

இது குன்றத்தூரில் மட்டும் நடந்ததல்ல. 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லேட்டன் என்ற ஊரில் 4 வயது, 15 மாத வயது சகோதரிகள் இருவர் இறந்தார்கள். வீட்டுக்கு வெளியே எலி வளையில் பூச்சி மருந்து ஊழியர் போட்ட மாத்திரைகளிலிருந்து வாயு வீட்டுக்குள் போயிருந்தது. அதன் பிறகு குடியிருப்புகளைச் சுற்றி அந்த மாத்திரைகளைப் பயன்படுத்த அமெரிக்கா தடை போட்டது. 2017 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோவில் ஒரே குடும்பத்தில் 4 பிள்ளைகள் இறந்தபோது, கார்பன் மோனாக்சைடு என்றுதான் அதிகாரிகளே முதலில் நினைத்தார்கள். வீட்டுக்கு அடியில் போட்டிருந்த மருந்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் பாஸ்பீன் வெளிவந்தது பிறகுதான் தெரிந்தது. நேரில் போய்ப் பார்த்தவர்களுக்கே முதல் யூகம் தப்பியிருக்கிறது.

வடசென்னைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தானியம், மரம் ஏற்றிவரும் கன்டெய்னர்களில் பூச்சி கொல்ல இதே வகை மாத்திரைகளைப் போடுவார்கள். துறைமுகத்திலும் யார்டிலும் குடோனிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அது பழகிய பொருள். 'எலிக்கு நல்லா கேட்கும்' என்று ரெண்டு மாத்திரையை வீட்டுக்கு எடுத்து வருவது தற்கொலைக்குச் சமம். மூலக்கொத்தளம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஒற்றை அறையில் ஐந்து பேர் கதவைச் சாத்தித் தூங்கும் வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அலுமினியம் பாஸ்பைடு இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற வகை அல்ல. எலி பேஸ்ட்டாக விற்ற 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸுக்குத் தமிழக அரசு நிரந்தரத் தடை விதித்திருக்கிறது.

சந்தேக மரணம் என்றால் சட்டப்படி என்ன?

'போலீஸ் சந்தேக மரணம்னு கேஸ் போட்டிருக்கு' என்றதும் யாரோ மேல் சந்தேகம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மரணத்துக்கான காரணம் தெரியவில்லை, அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174. 2024 ஜூலை 1-லிருந்து பி.என்.எஸ்.எஸ். பிரிவு 194. ஸ்டேஷனில் இன்னும் '174 போட்டாச்சு' என்றே பேசுகிறார்கள்.

இதன்படி போலீஸ் சம்பவ இடத்துக்குப் போய், அக்கம்பக்கத்தினர் முன்னிலையில் உடலைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். புதிய சட்டத்தில் அந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான்.

விஷம் என்று சந்தேகம் இருந்தால் வயிறு, கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றின் பகுதிகளை எடுத்து தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதைத்தான் செய்தியில் 'விஸ்ரா' என்கிறோம். அறிக்கை வர வாரங்கள் ஆகும், சில நேரம் மாதங்கள். அதுவரை பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'ரசாயனப் பரிசோதனைக்காகக் கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்றுதான் இருக்கும். 'போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சும் காரணத்தை மறைக்கிறாங்க' என்று ஃபார்வர்டு வருவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பாஸ்பீன் வாயு என்பதால் அதன் தடயம் உடலில் நீடிப்பதும் கஷ்டம். அதனால் அறையில் என்ன இருந்தது என்பதும் ஆய்வகத்துக்கு முக்கியம்.

வீட்டில் இயற்கையாக இறந்தால் டாக்டர் கொடுக்கும் மரணக் காரணச் சான்று படிவம் 4ஏ. சந்தேக மரணத்தில் அது போதாது. மூலக்கொத்தளம் மாதிரி மாநகராட்சி மயானத்துக்கு உடலைக் கொண்டுபோகும் முன் போலீஸ் நடைமுறை முடிந்திருக்க வேண்டும். அடக்கம் செய்த பிறகு சந்தேகம் எழுந்தாலும் வழி இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 196-ன் கீழ் மாஜிஸ்திரேட் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க உத்தரவிடலாம்.

அப்போ சந்தேகப்படவே கூடாதா?

அப்படியும் சொல்ல முடியாது. வாளையாறு வழக்கு அதற்கு நேர் எதிர்.

கோவையைத் தாண்டினால் வரும் பாலக்காடு மாவட்டம் வாளையாறு அருகே அட்டப்பள்ளத்தில், 2017 ஜனவரி 13 அன்று 13 வயது பட்டியலினச் சிறுமி வீட்டுக்குள் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். 50 நாள் கழித்து, மார்ச் 4 அன்று, அதே வீட்டில் 9 வயதுத் தங்கையும் அதே நிலையில். முதல் மரணத்தன்று வீட்டிலிருந்து ஆட்கள் வெளியேறியதைப் பார்த்ததாகச் சொன்னவர் அந்தத் தங்கைதான். மூத்தவரின் பிரேதப் பரிசோதனையிலேயே பாலியல் வன்முறைக்கான அறிகுறி இருந்தது. அந்த அறிக்கையை அன்றே யாராவது தீவிரமாக எடுத்திருந்தால் இரண்டாவது மரணம் நடந்திருக்குமா என்பதுதான் கேரளா இன்றுவரை கேட்கும் கேள்வி.

2019 அக்டோபரில் குற்றம்சாட்டப்பட்டவர்களை போக்சோ நீதிமன்றம் விடுதலை செய்தது. 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. நீதி கேட்டு தாய் அதே வருடம் தர்மடம் தொகுதியில் முதல்வர் பினராயி விஜயனை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். சி.பி.ஐ. தற்கொலை என்று தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையை 2022-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் சி.பி.ஐ. பெற்றோரையே குற்றம்சாட்டப்பட்டவர்களாகச் சேர்த்தது. பெற்றோர் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள்.

எட்டு வருடம் விசாரித்த அமைப்புகளே ஒரு முடிவுக்கு வர இவ்வளவு திணறுகின்றன. இங்கே மக்கள் சந்தேகப்பட்டது பயன்பட்டது. காரணம், அவர்கள் கேட்டது 'அறிக்கை எங்கே, ஏன் விசாரிக்கவில்லை?' என்று. 'இன்னார்தான் கொன்றார்' என்பது வேறு வகை சந்தேகம்.

'ஒரே வீட்டில் இரண்டு தடவையா?'

இந்தக் கேள்வி ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு ஆண் குழந்தைகள், 1996-லும் 1998-லும், பிறந்து சில வாரங்களிலேயே இறந்தன. அவரது வசதியில் உள்ள குடும்பத்தில் ஒரு குழந்தை தூக்கத்தில் திடீரென இறக்க 8,543-ல் ஒரு வாய்ப்பு. அதை அதாலேயே பெருக்கி, 'இரண்டும் இயற்கையாக நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான்' என்று நிபுணர் ராய் மெடோ நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் ஆயுள் தண்டனை.

கணக்கே தப்பு. ஒரே அப்பா அம்மா, ஒரே மரபணு, ஒரே வீடு. ஒரு குழந்தையைப் பாதித்த காரணம் அடுத்ததையும் பாதிக்க வாய்ப்பு கூடுமே தவிர குறையாது. ராயல் புள்ளியியல் சங்கமே இதைக் கண்டித்தது. இரண்டாவது குழந்தைக்குக் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு வெளியே சொல்லப்படவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. 2003-ல் விடுதலையானார். 2007-ல் இறந்துவிட்டார்.

ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக் கதை இன்னும் நீளம். 1989-க்கும் 1999-க்கும் இடையே நான்கு குழந்தைகள் இறந்தன. டைரியில் எழுதிய வரிகளை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு 2003-ல் தண்டித்தார்கள். இரண்டு மகள்களுக்கும் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய அரிய மரபணு மாற்றம் இருந்ததை விஞ்ஞானிகள் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். 20 வருடச் சிறைக்குப் பிறகு 2023 ஜூனில் மன்னிப்பு, டிசம்பரில் தண்டனையே ரத்து. அன்றைக்கு டைரி. இன்றைக்கு ரீல்ஸ்.

ஃபார்வர்டு செய்வதும் குற்றமாகலாம்

பாலியல் குற்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் குழந்தையின் பெயர், போட்டோ, வீடு, பள்ளி எதையும் வெளியிடக்கூடாது என்கிறது போக்சோ சட்டம் பிரிவு 23. மீறினால் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை. குழந்தை இறந்துவிட்டாலும் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. வாளையாறு வழக்கில் குடும்பத்தின் பெயர் எதையும் நாம் இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் கொலைகாரர் என்று எழுதினால் பி.என்.எஸ். பிரிவு 356-ன் கீழ் அவதூறு வழக்கு வரும். 'நான் எழுதல, ஷேர்தான் பண்ணேன்' என்பது காப்பாற்றாது.

உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரிந்திருந்தால், பக்கத்து வீட்டில் குழந்தை அடிபடுவது, ஆள் நடமாட்டம், மருந்து வைத்த நேரம் எதுவாக இருந்தாலும், குரூப்பில் போடாமல் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

வீட்டில் எலி மருந்து வைத்த பிறகு யாருக்காவது வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் மருந்தைத் தேடிக் கழுவப் போகாதீர்கள். தண்ணீர் பட்டால் வாயு கூடும். எல்லோரும் உடனே வெளியே வந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். என்ன மருந்து என்று பாக்கெட்டின் போட்டோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். விஷம் பற்றிய தகவலுக்கு டெல்லி எய்ம்ஸ் மையத்தின் இலவச எண் 1800 116 117.