ரசம் பூசிய மாளிகை

வீட்டு நிலைக்கண்ணாடி மங்கிப்போனால் ‘ரசம் போய்விட்டது’ என்கிறோம். அந்த ரசம் பாதரசமே. இன்றைய கண்ணாடிகளில் பாதரசம் கிடையாது. வார்த்தை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. மாளிகைகளைக் கண்ணாடியால் அலங்கரித்த சரித்திரத்தில் இந்த ரசத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜெய்ப்பூர் சென்ற அங்கத்தினர்கள் ஆமேர் கோட்டையின் ஷீஷ் மஹாலைப் பார்த்திருப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மண்டபத்தின் சுவரிலும் விதானத்திலும் குவிந்த பரப்புடைய சிறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு துண்டிலும் சுடரின் பிம்பம் தனியாக விழுவதால், ஒரே விளக்கு நூற்றுக்கணக்கான விளக்குகளாகத் தெரிகிறது.

சிறு துண்டுகளுக்குப் பதிலாக, சமதளக் கண்ணாடிகளை அடுக்கி ஒரு நீண்ட கூடத்தையே அலங்கரித்தவர் அதே நூற்றாண்டின் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி. பாரிஸ் அருகே வெர்சாய் அரண்மனையில் 1678-இல் தொடங்கி 1684-இல் முடிந்த ‘கண்ணாடிக் கூடம்’ சுமார் 73 மீட்டர் நீளம் கொண்டது. மேற்கே தோட்டத்தைப் பார்த்து 17 ஜன்னல்கள்; எதிர்ச் சுவரில் 17 வளைவுகள். வளைவுக்கு 21 வீதம் மொத்தம் 357 கண்ணாடிகள். மாலை வெயில் ஜன்னல் வழியே வந்து எதிர்ச் சுவரில் பட்டுக் கூடம் முழுவதும் பரவும்.

அக்காலத்தில் நல்ல கண்ணாடி வேண்டுமென்றால் வெனிஸ் நகரத்தின் முரானோ தீவைத்தான் நாட வேண்டும். தொழில் ரகசியம் வெளியேறாதபடி, கைவினைஞர்கள் நாட்டை விட்டுப் போவதையே வெனிஸ் அரசு தடை செய்திருந்தது. பணம் அந்நிய நாட்டுக்குப் போவதைப் பொறுக்காத பிரெஞ்சு நிதியமைச்சர் கோல்பேர் 1665-இல் அரசு ஆதரவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கி, முரானோ கைவினைஞர்கள் சிலரை ரகசியமாக வரவழைத்தார். 1667-இல் அவர்களில் இருவர் திடீரென இறந்தபோது, வெனிஸ் விஷம் வைத்துவிட்டது என்ற சந்தேகம் எழுந்தது. பிரான்ஸ் பின்வாங்கவில்லை. 1672-இல் வெனிஸ் கண்ணாடிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. சுதேசித் தொழிலைக் காக்க நாம் பிற்காலத்தில் கையாண்ட கொள்கையை அவர்கள் அன்றே கையாண்டார்கள்!

இந்தப் பளபளப்புக்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். மெல்லிய வெள்ளீயத் தகட்டைக் கல்மேஜையில் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடிப் பலகையை மெதுவாக நகர்த்தி வைத்து, பாரம் ஏற்றுவார்கள். ஈயமும் ரசமும் கலந்து கண்ணாடியின் பின்புறம் படியும். பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கமும் பல நோய்களும் வந்தன. தொழில் நோய்கள் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸீனி, வெனிஸ் கண்ணாடித் தொழிலாளர்கள் பாதரசத்தால் வாதமும் மூச்சிரைப்பும் கண்டு அவதிப்படுவதைப் பதிவு செய்திருக்கிறார். காரணம் தெரிந்த பின்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதே முறை தொடர்ந்தது.

விடிவு ரசாயன சாலையிலிருந்து வந்தது. ஜெர்மன் விஞ்ஞானி லீபிக், 1835-இல் வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து கண்ணாடிமேல் வெள்ளியைப் படிய வைக்க முடியும் என்று கண்டார். கல்லூரியில் ரசாயனம் படித்தவர்களுக்குச் சோதனைக் குழாயின் உட்புறம் திடீரென ஜொலித்த அந்தப் பரிசோதனை நினைவிருக்கும். 20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது பாதரசக் கண்ணாடி பெரும்பாலும் மறைந்துவிட்டது.

வெர்சாய் கூடத்தின் கதை அதோடு நிற்கவில்லை. 1871 ஜனவரி 18 அன்று ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனமானதும், 1919 ஜூன் 28 அன்று தோற்ற ஜெர்மனி உடன்படிக்கையில் ஒப்பமிட்டதும் இதே கண்ணாடிகளின் முன்புதான். அன்று இந்தியாவின் சார்பில் பிகானேர் மகாராஜா கங்கா சிங்கும், இந்தியா மந்திரி மாண்டேகுவும் கையொப்பமிட்டனர்.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. கோல்பேர் தொடங்கிய தொழிற்சாலைதான் பின்னாளில் செயின்ட் கோபைன் நிறுவனமாக வளர்ந்தது. 2000-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் அது கண்ணாடி உற்பத்தியைத் தொடங்கியது. மன்னரின் பெயரும் மந்திரியின் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. 357 கண்ணாடிகளுக்கு ரசம் பூசிய கைகளின் சொந்தக்காரர்களையும் நாம் நினைக்க வேண்டும்.